மான் வேட்டைக் காலத்தில் அழிந்த ஒரு வரி

எஸ்டல் பிளெட்சோ செத்து முப்பத்தாறு வருஷம் கழித்து, மான் வேட்டை தொடங்கிய மறுநாள் காலையில், செத்த அன்று போட்டிருந்த அதே பூட்ஸோடு கிராப்ட்ரீ ஓடைச் சாலையில் நடந்து வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டினான். வயது அதே இருபத்தாறு. தலையில் சுரங்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் கார்பைடு வீணாகிறதே என்று, கதவு திறப்பதற்குள் அதை அணைத்துவிட்டான். கதவைத் திறந்த டிரெஸ்ஸி அவன் செத்தபோது இருபத்துநாலு வயதுப் பெண்டாட்டி. இப்போது அறுபது வயதுக் கிழவி. அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வா, இப்பத்தான் தரையத் துடைச்சேன்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஒரு பாட்டம் அழுதாள்.

காரணம் என்னவென்று மத்தியானத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. முந்தின நாள் லான்சோ ஸ்காக்ஸ் என்கிறவர் விடியலிலிருந்து காட்டில் உட்கார்ந்து, ஒரு மானின் வாலைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறார். வெறுங்கையோடு வருகிற வேட்டைக்காரர் சாலையோரப் பலகையைச் சுட்டு மனசை ஆற்றிக்கொள்வது எங்கள் வார்ட்லோ மாவட்டத்தின் வழக்கம். இங்கே ஓட்டை விழாத பலகை ஒன்று இருந்தால் அது நேற்று நட்டதாக இருக்கும். லான்சோவுக்குக் கண்ணில் பட்டது மூன்றாம் நம்பர் சுரங்கத்தின் நினைவுப் பலகை. 1938இல் அங்கே நடந்த வெடிப்பில் செத்த பதினாலு பேரின் பெயர்கள் வரிசையாக உலோகத்தில் வார்த்திருக்கும். துப்பாக்கியில் கிடந்ததோ கரடிக்குப் போடுகிற கனத்த தோட்டா. பத்தாவது வரி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. அது எஸ்டலின் வரி. அவன் பெயர் போனது. செத்தவர்கள் பட்டியலில் அவன் இல்லாமல் ஆனான். இல்லாதபின் கல்லறையில் படுத்திருந்து என்ன செய்ய? எழுந்து வந்துவிட்டான். சர்ச் பின்புறம் அவன் புதைகுழி ஒரு சாண் அமுங்கியிருந்ததைப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு.

இந்தப் பலகைகளுக்கு இப்படி ஒரு வலு உண்டு என்பது எங்களுக்கு முன்பே தெரியும். நட்டு வைப்பது மாவட்ட வரலாற்றுச் சங்கம். வங்கிக்கு மேல்மாடியில் ஓர் அறை, அதில் முட்டிவலிக்காரர்கள் ஒன்பது பேர். உள்நாட்டுப் போரில் ஏதோ ஒரு தளபதி குதிரையை நிறுத்தித் தண்ணீர் குடித்த ஊற்று ராட்லிஃப் குடும்பத்தின் மேட்டு நிலத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் யார் ஏறுவது? அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் கார் நிறுத்த இடம் இருக்கிறதே என்று, 'இவ்விடத்து ஊற்றில்' என்று வார்த்த பலகையை அங்கே நட்டார்கள். துணியை விலக்கி ஒருவர் உரக்க வாசித்து முடித்ததும் ராட்லிஃப்பின் ஊற்று வற்றி, இரண்டு பெட்ரோல் பம்புக்கும் நடுவில் பீறிட்டது. ராட்லிஃப் மாடுகளை விற்றார், பங்குக்காரர் தண்ணீரைப் பாட்டிலில் விற்றார், சங்கம் தன்னையே பாராட்டித் தீர்மானம் போட்டுக்கொண்டது. இதேபோல மலைமேல் நடந்த ஒரு சண்டையை பாப்டிஸ்ட் சர்ச் வாசலுக்கு இறக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலும் சர்ச் ஜன்னல்கள் குண்டு பட்டு நொறுங்குகின்றன. கண்ணாடிச் செலவைக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள்.

எஸ்டல் வந்ததில் வீட்டுக்குள் சில சங்கடங்கள் இருந்தன. டிரெஸ்ஸி நடுவில் ஒருவரைக் கட்டிக்கொண்டு, அவரையும் புதைத்துவிட்டவள். சுவரில் இருந்த அந்த மனுஷரின் படத்தை எஸ்டல் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "நல்ல தொப்பி" என்று மட்டும் சொன்னான். மகள் வில்மாவுக்கு முப்பத்தெட்டு. அப்பாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துப் பார்த்து எல்லோரையும் அதட்டியே பழகிவிட்டவள்.

"அப்பா, என் முன்னால பீர் குடிக்காதீங்க. எனக்குப் பிடிக்கல."

"நீ தொட்டில்ல கிடக்கும்போதும் உன் முன்னாலதான் குடிச்சேன். அப்ப நீ ஒரு வார்த்தை சொல்லலையே."

"அப்ப எனக்குப் பேச வரல!"

"அதான் நல்லா இருந்துச்சு" என்பான் எஸ்டல். டிரெஸ்ஸி அடுப்படியிலிருந்து வயிறு குலுங்கச் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. எஸ்டல் கூரையைச் செப்பனிட்டான், கோழிக்கூண்டைத் திருப்பி வைத்தான், சாயங்காலம் அவளுக்கு விறகு பிளந்து போட்டான். பக்கத்துவீட்டுப் பெண்கள் இளவட்டமாய் ஒரு புருஷன் கிடைத்ததற்கு அவளைக் கேலி செய்தால், "ஏன்டி, உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வரி இருந்தா சுடச் சொல்றதுதானே" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் கேட்டவர்கள் முகம் கறுத்துப் போயிற்று. மிச்சம் பதிமூன்று பெயர்கள் பலகையில் இருந்தன, ஊரில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தது, ஒருத்தரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் கல்லறைகளைக் கழுவிக் காகிதப்பூ வைத்து, புல்தரையில் துணி விரித்து, அவித்த முட்டையும் ஆப்பிள் கேக்கும் சாப்பிட்டபடி, "ஐயோ, அவர் இன்னைக்கு இருந்திருந்தா" என்று விம்முகிற அதே ஜனங்கள்தான். என்ன செய்வது? மனைவிமார் வேறு கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், அப்பாவின் கடிகாரத்தை யாரோ அடகில் மூழ்கவிட்டுவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால், செத்தவர்களிடம் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கேள்வி கேட்காமல், நல்ல பெயரோடு, ஓரமாகப் படுத்திருந்தார்கள்.

எஸ்டலிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் மலையில் ஒருத்தர் வெளியூரிலிருந்து வந்தாலே எங்கே போனீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு. செத்துத் திரும்பி வந்தவரிடம் கேட்பார்களா? அங்கே காபி உண்டா என்று ஒருவர் கேட்டார், இல்லை என்றான், அவ்வளவுதான். அந்த ராத்திரி சுரங்கத்துக்குள் என்ன நடந்தது என்று கேட்ட முதல் ஆள், கேட்டிருக்கவே கூடாத ஆள்: சங்கத் தலைவி யூலேலியா பிராதர் அம்மாள். 1938இல் சுரங்கத்துக்கு மானேஜராக இருந்த பிராதரின் ஒரே மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் ஓர் எலிக்குக்கூட அவரிடம் அனுமதி வாங்காமல் வரலாறு கிடையாது. வெண்ணெய் கேக் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கையுறையோடு வந்து டிரெஸ்ஸியின் வராந்தாவில் உட்கார்ந்தார்.

"தம்பி, பாவம், உனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது" என்றார்.

"இருக்குங்கம்மா. அன்னைக்கு ராத்திரி விசிறி சுத்தல" என்றான் எஸ்டல்.

சுரங்கத்தில் விசிறி என்றால் வீட்டுக்கூரையில் தொங்குவது அல்ல. வீடு உயரத்துக்கு இருக்கும். அது சுற்றினால்தான் உள்ளே சேருகிற வாயு வெளியேறும். யூலேலியா அம்மாள் கேக்கை வெட்டாமலே எழுந்தார். "பாத்தியா, ஞாபகம் குழம்பியிருக்கு. பலகையில 'இறைவன் சித்தத்தால்'னு தெளிவா போட்டிருக்கே" என்றார். கார் ஏறும்போது கையுறை ஒன்றைக் கீழே விட்டார், எடுக்கத் திரும்பி வரவில்லை.

மறுமாதம் சங்கம் கூடி ஒரு தீர்மானம் போட்டது. நாட்டுக்கு இருநூறாவது பிறந்தநாள் வருகிறது, மாநில அரசு பலகைகளுக்கு நிதி தருகிறது, ஆகவே மூன்றாம் நம்பர் சுரங்கப் பலகையைப் பதினாலு பெயர்களோடும் புதிதாக வார்த்து, 1976 ஜூலை நாலாம் தேதி திறந்து வைப்பது. ஒரு தனிமனிதரின் சௌகரியத்துக்காக உலோகத்தில் பொய்யை விட்டுவைக்க முடியாதாம். பெட்ரோல் பங்கில் ஊற்றை வரவழைத்தவர்கள் சொன்னது இது. பலகையைச் சுட்டால் ஆறு மாதம் சிறை என்று கூடவே ஒரு சட்டமும் வந்தது. ஆக, துணி விலகுகிற நிமிஷம் எஸ்டல் சாக வேண்டும். அதை யாரும் அந்த வார்த்தையில் சொல்லவில்லை. 'விடுபட்ட வரியைச் சரிசெய்தல்' என்று சொன்னார்கள்.

டிரெஸ்ஸி மாவட்ட மன்றத்துக்குப் போனாள். அவளுக்கு இருந்த ஒரே நல்ல உடுப்பு, இரண்டாவது புருஷன் சாவுக்குத் தைத்த கறுப்பு. அதைப் போட்டுக்கொண்டு போய் நின்றாள். "ஐயா, மத்த எழுத்தெல்லாம் தங்கத்துல கூட ஊத்திக்குங்க. அந்த ஒரு வரிய மட்டும் வெறுமனே விட்டுடுங்க. ஒருத்தர ரெண்டு தடவை பொதைக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். மன்றத்துக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு வரி காலியாக இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்காதே என்று யூலேலியா அம்மாள் கவலைப்பட்டார். கை தூக்கச் சொன்னபோது எல்லோரும் தூக்கினார்கள். அதில் இரண்டு பேர் அவள் சித்தப்பா பிள்ளைகள். வாசலில் அவளைப் பார்த்து, "மனசுல ஒண்ணும் வச்சுக்காதக்கா" என்றார்கள்.

"மனசுலதான் வச்சுக்குவேன். வேற எங்கடா வச்சுக்கச் சொல்ற?" என்றாள்.

வில்மா அப்பாவை ஒஹையோவுக்குக் கடத்திப் பார்த்தாள். பிழைக்க வழியில்லாத எங்கள் ஆட்கள் எல்லோரும் போகிற இடம் அது. சாகாமல் இருக்கவும் ஒருவர் போகலாமே என்று நினைத்தாள். மாவட்ட எல்லையைத் தாண்டி நூறு அடி போனதும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் சட்டையும் பூட்ஸும் மட்டும் சீட்டில் உட்கார்ந்திருந்தன. அலறி அடித்துக்கொண்டு வண்டியைப் பின்னாலேயே ஓட்டினாள். எல்லைக்கு இந்தப்பக்கம் வந்ததும் சட்டைக்குள் ஆள் இருந்தான். பலகையின் வலு மாவட்டத்தோடு சரி போலும். "ஒஹையோ எப்படிப்பா இருந்துச்சு?" என்று மட்டும்தான் அவளால் கேட்க முடிந்தது. "காத்தாட இருந்துச்சு" என்றான் எஸ்டல். வீடு வந்து சேரும்வரை அவள் அழுதுகொண்டே ஓட்டினாள்.

திறப்பு விழாவன்று காலையில் டிரெஸ்ஸி அவனைக் கெஞ்சிப் பார்த்தாள். வீட்டிலேயே இரு, என் பக்கத்தில் உட்கார்ந்திரு, எது வந்தாலும் என் கையைப் பிடித்தபடி வரட்டும் என்றாள். எஸ்டல் முகச்சவரம் செய்துகொண்டிருந்தான்.

"போய் ஒரே ஒரு விஷயத்தச் சொல்லிட்டு வந்துடறேன், டிரெஸ்."

"அத என்கிட்ட சொல்லு. எனக்குக் காது இல்லையா?"

"உன்கிட்ட சொன்னா நம்ம வீட்டோட போயிடும். அவங்க மறுபடியும் கடவுள் தலையில எழுதுறாங்க. கடவுள் பாவம், அந்த ஆளுக்கு எங்க ஷிஃப்ட்டு எப்பன்னுகூடத் தெரியாது."

டிரெஸ்ஸி அவன் காலரை மடித்துவிட்டாள். அந்தக் கையை அவன் பிடித்துக்கொண்டான்.

ஊரே வந்திருந்தது. பள்ளிக்கூட பேண்டு, உருளைக்கிழங்கு சாலட், பன்றிக்கறி, வரிசையாய் நிறுத்தின பிக்கப் வண்டிகள். ஒவ்வொரு வண்டியின் பின்கண்ணாடியிலும் மாட்டின துப்பாக்கி. பலகைக்குக் காவலாகத் துணை ஷெரிஃப் டூயி ஃபியூகேட் நின்றார். அவர் அப்பா ஹார்வியின் பெயர் பலகையில் நாலாவது. அப்பா செத்து ரெண்டு மாதம் கழித்துப் பிறந்தவர். யூலேலியா அம்மாள் நாட்டைப் பற்றியும் தியாகத்தைப் பற்றியும் பேசினார், தன் தந்தை அந்தத் துயர இரவில் எவ்வளவு கலங்கினார் என்று பேசினார். அப்போது எஸ்டல் எழுந்து நின்றான். சத்தம் போடவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்கிற குரலில் ஆரம்பித்தான்.

"எல்லாரும் நல்லாருக்கீங்களா. ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு விசிறிய ஏன் நிறுத்தினாங்கன்னா, மானேஜர் வீட்டுல..."

யூலேலியா அம்மாள் நிகழ்ச்சி நிரலுக்கு முன்னாலேயே கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. சங்கச் செயலாளர் கிடுகிடுவென்று பதினாலு பெயரையும் வாசித்தார். பத்தாவது பெயரில் எஸ்டலின் சட்டை மடிந்து விழுந்தது. பூட்ஸ் மட்டும் நின்றது. பேண்டு வாசிக்க ஆரம்பித்தது. டிரெஸ்ஸி எழுந்து போய், சட்டையை எடுத்து, உதறி, மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.

பேண்டுக்காரர்கள் இரண்டு பாட்டு வாசித்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பியது. "மானேஜர் வீட்டுல என்ன?" என்றார் ஒருவர். "என்னவோ சொல்ல வந்தானே." "முழுசாச் சொல்ல விட்டிருக்கலாம்." எங்கள் ஜனங்களுக்கு எதை வேண்டுமானாலும் தாங்கும் சக்தி உண்டு, கதையைப் பாதியில் நிறுத்தினால் மட்டும் தாங்காது. முப்பத்தெட்டு வருஷம் பாசத்துக்காக எடுக்காத துப்பாக்கியை அன்றைக்குப் பாதி வாக்கியத்துக்காக எடுத்தார்கள். முதலில் சுட்டது காவலுக்கு நின்ற டூயிதான். நாலாவது வரி தெறித்தது. அடுத்து மலின்ஸ் குடும்பம், அதற்கடுத்து ஸ்காக்ஸ் குடும்பம், பிறகு எந்தக் குடும்பம் எந்த வரி என்று பார்க்க நேரமில்லை. புதுப் புருஷர்களே பெண்டாட்டிகளுக்குத் தோட்டா எடுத்துக் கொடுத்தார்கள். பத்தாவது வரியை ஒருவரும் தொடவில்லை. டிரெஸ்ஸி சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, டூயியின் துப்பாக்கியை வாங்கி, கண்ணைத் துடைத்துவிட்டுச் சுட்டாள். மூன்றாவது குண்டில் வரி போனது.

கல்லறைப் பக்கத்துச் சாலையில் செத்தவர்கள் இறங்கி வந்தபோது சாலட் இன்னும் கெட்டுப்போகவில்லை. பதினாலு பேரும் விளக்குகளை அணைத்தபடி வந்தார்கள். எஸ்டல் மட்டும் உள்பனியனோடு, வெறுங்காலில் இருந்தான். டிரெஸ்ஸி சட்டையைக் கொடுத்தாள். ஹார்வி ஃபியூகேட்டுக்கு முன்னால் தன்னைவிட மூத்த மகன் சீருடையோடு விறைத்து நின்றான், இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எல்லோரும் திரும்பி வந்தவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹார்விதான் வாக்கியத்தை முடித்தார். "மானேஜர் வீட்டுல பொண்ணுக்குப் பதினெட்டாவது பொறந்தநாள். தோட்டம் பூரா கலர் பல்பு. பவர்ஹவுஸ் ரெண்டையும் இழுக்கல. அதனால விசிறிய நிறுத்தச் சொன்னாரு."

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "அட, இதானா? இது தெரிஞ்சதுதானே" என்றார். எல்லோரும் மெதுவாகத் தலையாட்டினார்கள். ஆமாம், தெரிந்ததுதான். அந்த ராத்திரி ஊரே வேலியோரம் போய் நின்று பல்பு பார்த்தது; வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கத் தடை இல்லை என்று மானேஜர் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். விசிறியின் உறுமல் நின்றுபோனதை எல்லோரும் கேட்டார்கள். பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

டிரெஸ்ஸி எஸ்டலின் கையைப் பிடித்தாள். "நானும் நின்னேன்" என்றாள். "வில்மாவ இடுப்புல வச்சுக்கிட்டு. செவப்பு பல்பு காட்டினேன், அவ சிரிச்சா. அழகாத்தான் இருந்துச்சு, எஸ்டல். என்ன மன்னிச்சுடு."

"தெரியும்" என்றான் அவன். "ஷிஃப்டுக்குப் போற வழியில நானும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் போனேன்."

யூலேலியா அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் தெரியாது. ஒரு பெண் தட்டில் பன்றிக்கறி வைத்துக் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில், விசிறி விஷயத்தை ஒரு பலகையில் வார்க்கலாமா என்று டூயி கேட்டார். நிதி இல்லை என்று பதில் வந்தது. துப்பாக்கிச் சூட்டுக்கு வழக்குப் போட வேண்டியவரே முதலில் சுட்டவர் என்பதால் அதையும் யாரும் பேசவில்லை. திரும்பி வந்தவர்களில் சிலர் பெண்டாட்டிகளின் புதுப் புருஷர்களோடு ஒரே வீட்டில் இருக்கப் பழகிக்கொண்டார்கள், சிலர் பிரித்த நிலத்தைத் திரும்பப் பிரித்து வழக்காடினார்கள், ஒருவர் மரக்கடை வைத்தார். மற்றவர்களைப் போலவே வருஷத்துக்கு ஒரு வயது கூடிக்கொண்டு வருகிறார்கள்.

இப்போதும் இலை நிறம் மாறுகிற பருவத்தில் வெளியூர்ப் பஸ்கள் கிராப்ட்ரீ ஓடையில் நிற்கின்றன. வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்வதற்கு அந்தப் பதினாலு பேரும் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாரம் விட்டு வாரம் செவ்வாய்க்கிழமை எஸ்டலுடையது. விசிறியைப் பற்றியும், கலர் பல்புகளைப் பற்றியும், தான் செத்ததைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொல்கிறான். கேட்டுவிட்டு, எல்லாம் சரி, பார்க்க ஏதாவது நினைவுச் சின்னம் இருக்கிறதா என்று அவனிடமே விசாரிக்கிறார்கள். அவன் பலகையைக் காட்டுகிறான். 'இறைவன் சித்தத்தால்' என்ற வரியும், அதற்குக் கீழே ஓட்டைகளும் இருக்கின்றன. அதன் பக்கத்தில் வந்தவர்கள் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கேமராவை எஸ்டலிடம் கொடுக்கிறார்கள், அவனும் எடுத்துக் கொடுக்கிறான்.